கட்டற்ற இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தல்: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அதன்பின், “கணினி நன்றாகத்தானே ஓடுகிறது, இதைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?” என்று உறவினர்களும் அண்டைவீட்டாரும் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். சிங்கப்பூரில் பல தமிழ் வீடுகளில் இப்படியொரு மடிக்கணினி அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. தூக்கிப் போட வேண்டியதில்லை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை, அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, நிறுவிக்கொள்ளலாம் என்பதுதான் என் விடை. அதையொட்டி அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன விடைகளையும் இங்கே எழுதிவைக்கிறேன். கணினித் துறையில் பயிற்சி இல்லாதவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன்.

கட்டற்ற இயங்குதளம் என்றால் இலவசமாகக் கிடைப்பது என்பதுதானா?

பெரும்பாலும் இலவசமாகத்தான் கிடைக்கிறது, ஆனால் அதன் சாரம் விலையில் இல்லை. ஒரு மென்பொருளை எந்த நோக்கத்திற்கும் இயக்கலாம், அது எப்படி வேலை செய்கிறது என்று மூலநிரலைத் திறந்து பார்க்கலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியமைத்து வெளியிடலாம் என்ற நான்கு உரிமைகளும் பயனருக்கு இருந்தால்தான் அது கட்டற்ற மென்பொருள் ஆகும். ஆங்கிலத்தில் இரண்டு பொருளுக்கும் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் அங்கே ஓயாத குழப்பம் நிலவுகிறது. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு என்று சொல்லிலேயே தெளிவாக இருக்கிறது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். ஃபின்லாந்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருநிரலை, அதாவது வன்பொருளையும் மற்ற மென்பொருள்களையும் இணைக்கும் உட்கருவை, வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்து உருவான குடும்பத்தைத்தான் இன்று பொதுவாக ‘லினக்ஸ்’ என்கிறோம்.

என் பழைய மடிக்கணினியில் இது ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். இன்டெல் கணினிகளைப் பொறுத்தவரை, விண்டோஸ் 11க்கு ஏறத்தாழ எட்டாம் தலைமுறை நுண்செயலியும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் தேவைப்படுகின்றன. அதனால் 2016இல் வாங்கிய, எந்தக் குறையும் இல்லாத கணினிகூட அந்த வாசலில் நின்றுவிடுகிறது. லினக்ஸுக்கு அந்தத் தடை இல்லை. நினைவகம் 4 ஜிபி இருந்தால் அன்றாட வேலைகளைச் செய்யலாம், 8 ஜிபி இருந்தால் தாராளமாகச் செய்யலாம். சுழலும் வன்தட்டு உள்ள பழைய கணினியாக இருந்தால், இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் சுழலும் பகுதி இல்லாத, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் அதைப் பொருத்திக் கொடுப்பார்கள். எந்த லினக்ஸ் வேகமானது என்று வாரக்கணக்கில் ஆராய்வதைவிட அந்த ஒரு மாற்றம் அதிகப் பலன் தரும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. திரை, விசைப்பலகை, மின்கலம் எல்லாம் சரியாக இருக்கும் ஒரு கணினியை அந்தக் குவியலில் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை.

லினக்ஸில் ஏன் இத்தனை பெயர்கள்?

கருநிரல் ஒன்றுதான். அதனுடன் திரைத் தோற்றம், உலாவி, அலுவலகச் செயலிகள், மென்பொருள் நிறுவும் வசதி ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டித் தருவதை ‘வழங்கல்’ என்கிறோம். மூலநிரல் திறந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் தம் விருப்பப்படி ஒரு வழங்கலைக் கட்டமைக்கலாம், அதனால் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் வேர்கள் சிலவே. 1993இல் தொடங்கிய டெபியனிலிருந்து உபுண்டு 2004இல் பிறந்தது, உபுண்டுவின்மேல் லினக்ஸ் மின்ட் 2006இல் எழுந்தது. பாட்டி, அம்மா, மகள் என்ற உறவு அது. ஒன்றில் கற்றது மற்றொன்றிலும் கைகொடுக்கும்.

அப்படியானால் நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

‘எது சிறந்தது?’ என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விடை சொல்வார்கள், பத்தும் உண்மையாகவே இருக்கும். ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, என்னிடம் எந்தக் கணினி இருக்கிறது, அதில் தினமும் என்ன செய்கிறேன், சிக்கல் வந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விதான் மிகவும் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் தம்பியோ எதிர்வீட்டுப் பிள்ளையோ உபுண்டு பயன்படுத்துகிறார் என்றால், வேறு யார் எதைப் புகழ்ந்தாலும் நீங்களும் உபுண்டுவையே எடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் இருக்கும் சிறு வேறுபாட்டைவிட, ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவர் பெரிய வசதி.

அப்படி யாரும் இல்லாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட். கீழே பட்டை, இடக்கை ஓரத்தில் பட்டியல், மூலையில் கடிகாரம் என்று விண்டோஸில் பழகிய கை தேடும் இடத்திலேயே எல்லாம் இருக்கும். அதன் 22ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. சின்னமன் என்ற தோற்றம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். நினைவகம் 4 ஜிபி மட்டுமே உள்ளவர்கள் எக்ஸ்எஃப்சிஇ தோற்றத்தை எடுக்கலாம். ஏதேனும் புதுப்பிப்பால் கணினி தடுமாறினால் முந்தைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட் என்ற கருவி அதனுடனேயே வருகிறது. முதல் நாளே அதை இயக்கி வைத்துவிடுங்கள்.

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளிவரும், ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்கும். திரை அமைப்பு விண்டோஸிலிருந்து வேறுபட்டது என்றாலும் ஒரு வாரத்தில் பழகிவிடும். டெபியன் அசையாத மலை, அதில் எதுவும் அடிக்கடி மாறாது. கணினியை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிட விரும்புபவருக்கு ஏற்றது, ஆனால் நிறுவும்போது சற்று அதிகமான கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். அண்மையில் வாங்கிய புத்தம்புதிய கணினியாக இருந்தால் ஃபெடோராவைப் பாருங்கள். புதிய வன்பொருளுக்கான ஆதரவு அதில் விரைவாக வந்துசேரும், ஆயினும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரவு என்பதால் ஆண்டுதோறும் பதிப்பை உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

காளி லினக்ஸ் வேண்டாம். காணொளிகளைப் பார்த்துவிட்டு இளையர் பலர் அதைத்தான் முதலில் நிறுவ விரும்புகிறார்கள். அது வலையமைப்புகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் வல்லுநர்களுக்கான கருவிப்பெட்டி. வீட்டுப்பாடம் செய்யவும் படம் பார்க்கவும் உருவாக்கப்பட்டதன்று. ஆர்ச் லினக்ஸ் கற்பதற்கு அருமையானது, ஆனால் அது இரண்டாவது கணினியில் கற்க வேண்டிய பாடம்.

நிறுவாமலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், கட்டாயம் அப்படித்தான் செய்ய வேண்டும். புதியவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் நேர்கின்றன.

வழங்கலின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலிருந்து, சில ஜிபி அளவுள்ள ஒரே கோப்பைப் பதிவிறக்குங்கள். அதே தளத்தில் எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண் இருக்கும், பதிவிறக்கிய கோப்பிலிருந்து கணக்கிடும் எண் அதனுடன் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் இணையத்தளத்திற்குள் ஊடுருவியவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றி, பிறர் இரகசியமாக நுழையப் பின்கதவு வைத்த கோப்பை வைத்துவிட்டார்கள். அது விரைவில் கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. ஆயினும் சரிபார்க்கும் பழக்கம் ஏன் தேவை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பிறகு 8 ஜிபி தம்ப் டிரைவ் ஒன்றில் எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற கருவியால் அந்தக் கோப்பை எழுதுங்கள். சாதாரணமாக இழுத்துப் போட்டால் வேலை செய்யாது. தம்ப் டிரைவில் முன்பு இருந்தவை முழுதும் அழிந்துவிடும்.

கணினியை அணைத்து, தம்ப் டிரைவைச் செருகி, மீண்டும் முடுக்கியவுடன் எஃப்12, எஃப்2, எஸ்கேப் ஆகிய விசைகளில் ஒன்றை அழுத்திக்கொண்டே இருந்தால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும். எந்த விசை என்பது கணினியைத் தயாரித்தவரைப் பொறுத்தது. தம்ப் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் திரை சில நொடிகள் கறுத்திருந்து, பிறகு பணித்திரை விரியும். இந்த நிலையில் உங்கள் வன்தட்டில் எதுவும் எழுதப்படவில்லை, அணைத்துவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே திரும்பி வரும்.

இப்போது அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்த முடிகிறதா, கேமரா தெரிகிறதா, வீட்டு அச்சுப்பொறி தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைசியாக மூடியைச் சாத்தி, ஒரு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். ஈசூனில் இருக்கும் என் மாமாவின் மடிக்கணினியில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் மூடியைத் திறந்தபோது திரை கறுப்பாகவே நின்றுவிட்டது. “நல்லவேளை, இன்னும் எதையும் அழிக்கலையே” என்றார் மாமா. புதிய கருநிரலுடன் வந்த வேறொரு வழங்கலை அதே தம்ப் டிரைவில் எழுதிச் சோதித்தபோது திரை உடனே விழித்துக்கொண்டது, அதையே நிறுவினோம். அவருக்கு எது பொருத்தம் என்பதை அந்த மூடிதான் முடிவு செய்தது.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

முடியும். யூனிகோட் எழுத்துருக்களான லோகித் தமிழ், நோட்டோ தமிழ் போன்றவை கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன, இணையப் பக்கங்கள் கட்டங்களாக உடைந்து தெரிவதில்லை. தட்டச்சுக்கு ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு வசதியை நிறுவி, அதில் பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் முறை முதலிய விசைப்பலகைகள் வரிசையாக வரும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 முறையில் ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதன்மேல் புள்ளி தானாக விழுந்துவிடும். ஆனால் கணினியின் சாதாரண விசைப்பலகைப் பட்டியலிலிருந்து தமிழைச் சேர்த்தால், அது ஒரு விசைக்கு ஒரு குறி என்று மட்டுமே அறிந்தது, முன்பு எதை அழுத்தினீர்கள் என்பதை நினைவில் வைக்காது. அதனால் தானியங்கிப் புள்ளி வராது. ‘லினக்ஸில் தமிழ்99 சரியாக இல்லை’ என்று என்னிடம் குறைபட்டவர்களின் கணினியைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் இதுதான் காரணமாக இருந்தது. ஐபஸ் வழியாகச் சேர்த்த பிறகு அவர்களின் விரல்கள் பழைய வேகத்திற்கு வந்துவிட்டன.

பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழிலேயே காட்டும்படியும் அமைக்கலாம். தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள், ஆயினும் சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். தமிழை மட்டுமே வசதியாக வாசிக்கும் மூத்தோருக்கு அதைத் தயங்காமல் அமைத்துக் கொடுங்கள். வட்டாரத்தைச் சிங்கப்பூர் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம், இல்லையென்றால் வெள்ளி வர வேண்டிய இடத்தில் ரூபாய்க் குறி நிற்கக்கூடும்.

சிங்பாஸ், வங்கி, மத்திய சேம நிதி போன்ற சேவைகள் வேலை செய்யுமா?

இவை உலாவி வழியாக இயங்குபவை. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் லினக்ஸில் கிடைக்கின்றன. சிங்பாஸ் பக்கத்தில் தோன்றும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் வருடினால் போதும், உள்ளே இருப்பது எந்த இயங்குதளம் என்பது அங்கே பொருட்டன்று.

வேர்ட், எக்செல், ஃபோட்டோஷாப் ஆகியவை?

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் கணினிப் பதிப்பு லினக்ஸுக்கு வெளியிடப்படுவதில்லை. உலாவியில் இயங்கும் இணையப் பதிப்பைப் பயன்படுத்தலாம், அல்லது வழங்கல்களுடன் வரும் லிப்ரெஆஃபீஸைப் பயன்படுத்தலாம். கடிதம், கட்டுரை, வீட்டுக் கணக்கு ஆகியவற்றுக்கு அது போதுமானது. நுணுக்கமாக வடிவமைத்த வேர்ட் கோப்புகளை அலுவலகத்துடன் மாறி மாறித் திருத்துபவர்கள், தங்களுடைய உண்மையான கோப்பு ஒன்றைத் தம்ப் டிரைவ் சோதனையின்போதே திறந்து பார்த்துவிட வேண்டும். ஃபோட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்பவர் மாற வேண்டாம். அதற்கு மாற்றான கிம்ப் நல்ல கருவிதான், ஆனால் பிழைப்பு நடக்கும் கருவியை ஒரே நாளில் மாற்றச் சொல்வது முறையாகாது.

பிள்ளையின் பள்ளி மடிக்கணினியில் நிறுவலாமா?

கூடாது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தனிப்பட்ட கற்றல் சாதனங்களில் கல்வி அமைச்சின் மேலாண்மைச் செயலி பொருத்தப்பட்டிருக்கும், அதை நீக்கினால் பள்ளியில் சிக்கல் வரும். அலுவலகம் கொடுத்த கணினிக்கும் இதே விடைதான்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும், தொடங்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். இதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். முதலாவது, புகைப்படங்கள் உட்பட எல்லாவற்றையும் வெளிவன்தட்டு ஒன்றில் படியெடுத்து, அந்தப் படியை இன்னொரு கணினியில் திறந்தும் பார்த்துவிடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் அத்தையின் கணினியைக் கடை ஒன்றில் கொடுத்தபோது, “எல்லாம் காப்புநகல் எடுத்தாச்சு” என்றார்கள். திறந்து பார்த்தால் கோப்புறைகளின் பெயர்கள் மட்டும் இருந்தன. அத்தையின் மறைந்த கணவரின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் அத்துடன் போயின. அன்றிலிருந்து, என் கண்ணால் திறந்து பார்க்காத காப்புநகலை நான் காப்புநகலாகக் கருதுவதில்லை.

இரண்டாவது, விண்டோஸில் பிட்லாக்கர் மறையாக்கம், அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி வன்தட்டைப் பூட்டிவைக்கும் வசதி, இயங்குகிறதா என்று பாருங்கள். பல கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் அது இயங்கிக்கொண்டிருக்கும். அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல், லினக்ஸுக்கு இடம் ஒதுக்க வன்தட்டைப் பகுதிகளாகப் பிரித்தால், உங்கள் கோப்புகளுக்கு நீங்களே அந்நியர் ஆகிவிடுவீர்கள். நம்பகமான மென்பொருளைக் கொண்டு மட்டுமே கணினியைத் தொடங்க விடும் செக்யூர் பூட் பற்றி அஞ்ச வேண்டாம். உபுண்டு, மின்ட், ஃபெடோரா ஆகியவை அதை அணைக்காமலேயே நிறுவப்படும்.

இரண்டையும் நிறுவிய பிறகு விண்டோஸில் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் கணினி பழுதாகிவிட்டதாக எண்ண வேண்டாம். கணினியின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை வைக்கிறது, விண்டோஸோ அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. சிங்கப்பூர் நேரம் உலகப் பொதுநேரத்திற்கு எட்டு மணி முந்தியது, அந்த எட்டுதான் இந்த எட்டு. உள்ளூர் நேரத்தையே உள்கடிகாரத்தில் வைக்கும்படி லினக்ஸுக்கு ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம்.

கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. மென்பொருள் நிறுவுதல், புதுப்பித்தல், அச்சிடுதல் எல்லாம் சுட்டியாலேயே முடியும். ஆனால் உதவி கேட்கும்போது, ‘இந்த வரியை முனையத்தில் ஒட்டுங்கள்’ என்று யாராவது சொல்வார்கள். முனையம் என்பது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம். அந்த வரி என்ன செய்கிறது என்று புரியாமல், அதிலும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டால், ஒட்டாதீர்கள். விளக்கச் சொல்லிக் கேளுங்கள், நல்லவர்கள் விளக்குவார்கள்.

வைரஸ் வராது என்கிறார்களே, உண்மையா?

விண்டோஸைக் குறிவைக்கும் தீநிரல்கள் இங்கே பொதுவாக ஓடாது. மென்பொருளை வழங்கலின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே பெறுவதும் பெரிய பாதுகாப்பு. ஆனால் வங்கி அதிகாரிபோல் பேசி ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பவரை எந்த இயங்குதளமும் தடுக்காது. சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழையுங்கள். பெற்றோருக்குக் கணினியை அமைத்துக் கொடுக்கும்போது அந்த எண்ணைத் திரைக்குக் கீழே ஒட்டியே கொடுத்துவிடுகிறேன்.

விளையாட்டுகள்?

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் உள்ள விண்டோஸ் விளையாட்டுகளில் மிகப் பல, வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக லினக்ஸில் ஓடுகின்றன. வாலரன்ட் போன்று, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைக் கருநிரல் மட்டத்தில் கேட்கும் போட்டி விளையாட்டுகள் ஓடாது. பிள்ளை தினமும் ஆடுவது அதுதான் என்றால் விண்டோஸை நீக்காதீர்கள்.

ஒன்றை நிறுவிய பிறகு பிடிக்காவிட்டால்?

வேறொன்றுக்கு மாறலாம், உரிமக் கட்டணமோ பதிவோ கிடையாது. நிறுவும்போதே உங்கள் கோப்புகள் இருக்கும் ‘ஹோம்’ பகுதியைத் தனிப்பிரிவாக வைத்துக்கொண்டால், பின்னர் இயங்குதளப் பிரிவை மட்டும் அழித்து வேறொன்றை வைக்க முடியும். ஆயினும் முதல் மாதத்தில் மாற்றாதீர்கள். கோப்பைத் தேடுவது, அச்சிடுவது, தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் விசைப்பலகையை மாற்றுவது ஆகியவை கைக்குப் பழகவே மூன்று நான்கு வாரங்கள் ஆகும். அதற்குள் எழும் எரிச்சலில் பெரும்பகுதி பழக்க மாற்றத்தால் வருவது, வேறு வழங்கலுக்குத் தாவினால் அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். மாதம் கழிந்தும் வைஃபை அறுந்துகொண்டே இருக்கிறது, மூடியைத் திறந்தால் திரை வரவில்லை என்றால் அது பழக்கத்தின் குற்றமன்று. பழைய தம்ப் டிரைவை எடுங்கள், அடுத்த வழங்கலை எழுதி அந்த அரைமணி நேரச் சோதனையை மீண்டும் செய்து பாருங்கள்.